நானூற்று ஆறு

நானூற்று அறுபது என்று எழுத வேண்டிய இடத்தில் நானூற்று ஆறு என்று எழுதியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டப் போகிறேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் சங்கத்தின் அறை பொறியியல் கட்டடத்தின் நிலவறையில், கொதிகலனுக்கு அடுத்த அறை. கறுப்பினப் பொறியியல் மாணவர் சங்கம் என்று கதவில் பெரிதாக எழுதியிருக்கும். ஆறாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் நாங்கள் எண்பத்தொரு பேர். மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கீழே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கப் படிப்போம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீள மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். வராதவன் மானத்தை மறுநாள் தேவாலயத்து வாசலில் வைத்தே வாங்கிவிடுவோம்.

அந்த மேஜையின் உயிர் ஒரு நீல ஃபைல். ஒரு பாடத்தில் 'ஏ' வாங்கியவர், அந்தப் பாடம் முழுவதையும் ஒரே பக்கத்தில் சுருக்கி, தன் கையால் எழுதி அதில் சேர்க்க வேண்டும். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் ஏற்படுத்திய வழக்கம். ஃபைலின் பின்பாதியில் பழைய கேள்வித்தாள்கள். தேர்வு முடிந்ததும் பேராசிரியர்கள் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்ளும் தாள்கள் அவை. பத்து வருடத்தில் எப்படியெப்படியோ வந்து சேர்ந்திருந்தன. அதனால் ஃபைல் அறையை விட்டு வெளியே போகாது. யாரும் நகல் எடுக்கக் கூடாது. வெளியாள் காதில் அதன் பெயரே விழக் கூடாது. புதிதாகச் சேர்பவர்கள் மேஜைமேல் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். நான்காம் ஆண்டில் அந்த ஃபைலின் பொறுப்பு என்னிடம் இருந்தது.

வெப்ப இயக்கவியல் பக்கத்தை எழுதியதும் நான்தான். இரண்டாம் ஆண்டில் மாநாட்டுக்குப் போகும்போது, குலுங்குகிற பஸ்ஸில், மடியில் அட்டை வைத்து எழுதினேன். ஃபாரன்ஹீட் வெப்பநிலையைக் கணக்கில் போடுமுன் அதோடு நானூற்று அறுபதைக் கூட்ட வேண்டும். நான் நானூற்று ஆறு என்று எழுதி, அழகாகக் கட்டமும் போட்டுவைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுப்பாடமெல்லாம் செல்சியஸில்தான் வரும்.

1998 பிப்ரவரியில் பேராசிரியர் கிரான்பெர்க் ஒரே ஒரு கேள்வியை ஃபாரன்ஹீட்டில் கேட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதிய தேர்வு. அதில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் நானூற்று ஆறைக் கூட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் கிரான்பெர்க் ஒன்பது பெயர்களை வாசித்து, "எழுந்திருங்க" என்றாராம். எழுந்து நின்றார்கள். நின்ற ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் என்று வகுப்புக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "இந்த நம்பர் உலகத்துல எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. ஒருத்தர் உளறியிருக்கார், எட்டு பேர் அதைப் பார்த்து எழுதியிருக்கீங்க" என்றாராம். நூற்று மூன்று பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் காட்சியை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

அந்த ஒருத்தர் லவெல் மேப்ரி என்று அவரே முடிவு செய்துவிட்டார். லவெல் இரண்டாம் ஆண்டு. கேரி ஊர்க்காரன், அவன் அம்மா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒன்பது பேரில் அதிக மதிப்பெண் அவனுக்கு. உட்கார்ந்திருந்தது வகுப்பின் நடுவில். சாட்சி அவ்வளவுதான். கோடைக்கு ஓர் எஞ்சின் ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் சங்கத்தில் இரண்டாம் ஆண்டிலேயே ஆலை வேலை வாங்கியவன் அதற்கு முன்னால் யாரும் இல்லை.

அன்று மதியம் நான் ஃபைலைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்து. என் கட்டம். கட்டத்துக்குள் நானூற்று ஆறு. உடனே சங்கத் தலைவன் க்வென்டின் பாஸ்கமைக் கூப்பிட்டுக் காட்டினேன். க்வென்டின் என்னோடு நான்காம் ஆண்டு படித்தவன்; காலை எட்டு மணிக்கே டை கட்டிக்கொண்டு திரிகிற ஆள்.

"இதப் பாரு. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். இதைக் கொண்டுபோய்க் காட்டினா விஷயம் முடிஞ்சுது" என்றேன்.

அவன் பார்த்தான். பிறகு ஃபைலை மெதுவாக மூடினான்.

"ஒரு பக்கத்தக் காட்டினா மீதி எங்கேன்னு கேப்பாங்க. பின்னாடி கிரான்பெர்க்கோட கேள்வித்தாளே நாலு இருக்கு. ஒன்பது பேர் திருடன்னு இருக்கறது எண்பத்தியொரு பேரும் திருடன்னு ஆயிடும், சிஸ்டர். கதவுக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. அடுத்த வருஷம் வர்ற பசங்க யாருகிட்டப் போய் நிப்பாங்க, சொல்லு?"

"அப்ப லவெல்?"

"அவன் கெட்டிக்காரன். எப்படியும் சமாளிச்சுக்குவான்."

எங்களில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன் தலையில்தான் எல்லாச் சுமையையும் ஏற்றுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை துணை டீன் கெஸ்லர் அம்மாள் எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். அவர் மேஜையில் புதினா மிட்டாய் நிறைந்த கண்ணாடிக் கிண்ணம். சுவரில் எங்கள் சங்கத்தின் புகைப்படம், நல்ல சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"உங்க சங்கத்து மேல எனக்கு எவ்வளவு மதிப்புன்னு உங்களுக்கே தெரியும், டியர்" என்று ஆரம்பித்தார். குரலில் அப்படி ஒரு குழைவு. "அதனாலதான் சொல்றேன். ஒன்பது பேரையும் ஒரு வருஷம் வெளிய அனுப்ப எனக்கு மனசு வரல. குடுத்தவர் யாருன்னு ஒரே ஒரு பேர் வந்தாப் போதும். மத்த எட்டு பேருக்கும் அந்தக் கேள்விக்கு மட்டும் பூஜ்யம். குடுத்தவருக்கு மட்டும் ஒரு வருஷம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் எடுத்துக்குங்க. அதுவும் யாரும் கட்டாயப்படுத்தி வேணாம். அவரே வந்து சொன்னா அழகா இருக்கும்."

அழகா இருக்கும்! ஒரு பையனின் ஒரு வருடத்தைத் தூக்கிப் போடுகிற பேச்சில் அழகு என்ற சொல் எப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறதோ. பேசி முடித்ததும் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளினார். க்வென்டின் இரண்டு எடுத்துக்கொண்டான். நானும் ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். 'அந்த எண்ணை எழுதியது நான்' என்று சொல்ல வந்திருந்த வாய், மரியாதைக்கு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை உணவுக்கூடத்தில் க்வென்டின் என் எதிரே வந்து தட்டை வைத்தான். கோழி இறக்கையும் வறுத்த உருளைக்கிழங்கும் மலையாகக் குவிந்திருந்தன.

"எஞ்சின் ஆலையிலேர்ந்து ஃபோன். லவெலுக்குச் சிக்கல்னா இடத்தக் காலியா விட மாட்டாங்களாம். உங்க சங்கத்துலேர்ந்தே வேற ஒரு ஆளக் குடுங்கன்னாங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உன் பேரக் குடுத்திருக்கேன். மே மாசம் பட்டம் வாங்குற. கையில ஒரு வேலையும் இல்ல. கோடை முடிஞ்சதும் நிரந்தரம் பண்ணிடுவாங்க. வெளிய எவனோ ஒருத்தனுக்குப் போறதுக்கு நம்ம ஆளுக்கே இருக்கட்டுமே, என்ன சொல்ற?"

ஆலைக்கு அதற்குள் எப்படி விஷயம் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பதில் எதிரே உட்கார்ந்து கோழி இறக்கையைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அதுவரை வந்திருந்த மறுப்புக் கடிதங்கள் இருபத்துமூன்று. அவன் தட்டிலேயே காறித் துப்பிவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் கேட்டது என்ன தெரியுமா?

"எந்த ஊர் ஆலை?"

"ஆத்தங்கரையில இருக்கே, புதுசு, அது" என்றான் க்வென்டின், வாய் நிறைய.

வியாழக்கிழமை மாலை விடுதியின் துணி துவைக்கும் அறைக்கு லவெல் என்னைத் தேடி வந்தான். மெலிந்த, உயரமான பையன். கதவருகில் தலையைக் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? அந்த நம்பர் ஃபைல்ல இருந்ததுதானே?"

"ஆமா."

"அப்பாடா. எனக்கே பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். உங்க கையெழுத்து நல்லா இருக்கும்ல, அதனால அந்தப் பக்கம் அப்படியே கண்ணுல நிக்கும்." சிரித்தான். "நீங்க காட்டிடுவீங்கதானே?"

"கொஞ்சம் பொறு, லவெல். யோசிச்சிட்டிருக்கேன்."

"சரி, சிஸ்டர். நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. சத்தியம் பண்ணிருக்கேன்ல. அம்மா ஃபோன்ல அழுதாங்க, அவங்ககிட்டகூட ஃபைலப் பத்திச் சொல்லல."

நான் ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். எதிர்முனை இரண்டையும் அவன் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து மடித்தோம். மடிப்பு கலையாமல் என் கூடையில் வைத்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம், சிஸ்டர்" என்று சொல்லிப் போனான். அவன் கேட்டதும் பொறுமையாகத்தான், போனதும் பொறுமையாகத்தான். சனியனே, ஒரு வார்த்தை கத்தியாவது தொலைத்திருக்கக் கூடாதா என்று இப்போதும் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை என் அஞ்சல் பெட்டியில் ஆலையின் கடிதம் கிடந்தது. உங்களைத் தேர்ந்தெடுத்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறோம் என்று இருந்தது. எனக்குத் தெரிந்து லவெல் இன்னும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, யாரும் தீர்ப்பு எழுதவில்லை, அதற்குள் பெருமகிழ்ச்சி! இரண்டாம் முறை படித்து முடிக்க முடியவில்லை. ஓடிப்போய்க் குளியலறைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே நிலவறைக்குப் போய் ஃபைலை எடுத்துக்கொண்டேன். பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிட நடைக்கு எனக்கு நாலு நாள் ஆகியிருந்தது.

கெஸ்லர் அம்மாளின் அறையில் கிரான்பெர்க்கும் இருந்தார். ஃபைலை மேஜைமேல் விரித்து, என் பக்கத்தைக் காட்டினேன். கீழே ரெனிட்டா என்று என் பெயரும் தேதியும் இருந்தன. 1996.

"இதத்தான் ஒன்பது பேரும் மனப்பாடம் பண்ணினாங்க. யாரும் யாரையும் பார்த்து எழுதல. தப்பு என்னோடது. பின்னாடி பழைய கேள்வித்தாளெல்லாம் இருக்கு. அதுக்கு என்ன தண்டனையோ அதையும் குடுங்க."

கிரான்பெர்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஓ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த வருத்தம் மொத்தமும் அந்த 'ஓ'தான்.

கெஸ்லர் அம்மாள் பின்பக்கங்களைப் புரட்டினார். தண்டனையை எதிர்பார்த்து நின்றேன். அவரோ சிரித்தார்.

"இதுக்கா இத்தனை நாள் வாய மூடிக்கிட்டிருந்தீங்க? பழைய கேள்வித்தாளா? டியர், யாருதான் வச்சிக்கல? என் வீட்டுக்காரர் படிச்சப்ப இருந்த விடுதிவீட்டுல ஒரு சுவர் முழுக்க அலமாரி. பேராசிரியர் பேர் வாரியா அடுக்கி வச்சிருப்பாங்க."

"எங்க விடுதிவீட்டுல ரெண்டு சுவர்" என்றார் கிரான்பெர்க், பழைய நாளை நினைத்துக்கொண்டு.

அந்த வெள்ளைப் பையன்களின் விடுதிவீடுகளில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். அவர்கள் வைத்திருந்தால் நூலகம், நாங்கள் வைத்திருந்தால் திருட்டு என்று நாங்களாகவே எழுதிப் படித்துக்கொண்டோம். ஊரே பகிரங்கமாக வைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பத்து வருடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம். அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

"அப்ப லவெல் மேல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுங்க" என்றேன்.

"அதுதான் கொஞ்சம் சங்கடம்." கெஸ்லர் அம்மாள் ஒரு தாளை எடுத்தார். "காலையில ஒன்பது மணிக்கே வந்து ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரே."

"அவன் பொய்யா ஒத்துக்கிட்டிருக்கான்!"

"பொய் எழுதிக் குடுக்கறதும் நன்னடத்தை விதிக்கு எதிரானதுதான், டியர். சரி, குழுவக் கூட்டிப் பாக்கறோம். மூணு வாரம் ஆகும்."

லவெல் விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு பெட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உன்ன யாருடா கையெழுத்துப் போடச் சொன்னது?" என்று கத்தினேன்.

அவன் விழித்தான். "நீங்கதானே, சிஸ்டர்? க்வென்டின் அண்ணன் நேத்து ராத்திரி வந்தார். ரெனிட்டா நாலு நாளா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டா, சங்கத்துக்காக நீ ஏத்துக்கணும்னு சொல்றாள்னு சொன்னார். நான் முதல்ல நம்பல. ஆனா நீங்க யோசிச்சிட்டிருக்கேன்னு சொன்னீங்களே. நீங்க யோசிச்சுச் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. நிலவறைக்கு ஓடினேன். க்வென்டின் விருது விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தான், ஆண்டின் சிறந்த சங்கக் கிளை என்று ஏதோ ஒன்று.

"என் பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அவன் பேனாவைக்கூட வைக்கவில்லை. "பொய்யா? திங்கக்கிழமையிலேர்ந்து அந்தப் பக்கம் உன் கையில. செவ்வாய்க்கிழமை டீன் எதிர்ல உக்காந்திருந்த, சொல்லல. புதன்கிழமை எந்த ஊர் ஆலைன்னு கேட்ட. வியாழக்கிழமை அந்தப் பையனே வந்து கேட்டான், பொறுன்ன. நீ வாயால சொல்லல. நான் சொன்னேன். வேற என்ன வித்தியாசம், சிஸ்டர்?"

அவனை அறைந்தேன். ரொம்பச் சுலபமாக அறைய முடிந்தது.

மூன்று வாரம் கழித்து லவெல் குற்றமற்றவன் என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் க்வென்டின் அவனை முன்னால் அழைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டான். "நம்ம பிரதர் பக்கத்துல நாம எல்லாரும் நின்னோம்" என்றான். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பிறகு, உண்மையை வெளியே கொண்டுவந்தவள் என்று எனக்கும் தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலைப்போல அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை. தட்டியவர்களில் எட்டு பேர் அந்த ஒன்பதில் இருந்தவர்கள். அந்த நான்கு நாளும் அவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் லவெலை நடைகூடத்தில் நிறுத்தினேன். ஆலை அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை என்று தெரியும்.

"அந்த வேலைய எனக்குத்தான் குடுத்திருக்காங்க, லவெல். வேணாம்னு எழுதிடறேன்."

"கேள்விப்பட்டேன், சிஸ்டர்." மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினான். "எழுதாதீங்க. நீங்க வேணாம்னா அவர் வேற யாரு பேரையாவது குடுப்பார். எனக்கு ஒண்ணும் வராது. போங்க."

"என்மேல கோவமில்லையா?"

கடைசிப் பொத்தானையும் போட்டான். "சனிக்கிழமை மேஜைக்கு நான் இனிமே வரல" என்றான். பிறகு தலையைக் குனிந்து கதவைத் தாண்டி வெளியே போனான்.

வேண்டாம் என்று எழுத எனக்கு அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தது. இரண்டு முறை காகிதம் எடுத்தேன். இரண்டு முறையும் அந்த இருபத்துமூன்று கடிதங்கள் ஞாபகம் வந்தன. மே பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, ஆலை வாசலில் போய் நின்றேன்.

வாசலில் பட்டியலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கல்லூரி என்று கேட்டாள், சொன்னேன். விரலால் பட்டியலில் தேடினாள்.

"லவெல் மேப்ரியா?"

"இல்லைங்க."

"ஓ, அவருக்குப் பதிலா வர்றவங்களா?"

"ஆமா."

பேனாவை எடுத்து அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். அடித்த பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.